ஊட்டுக்காரரு சரின்னுட்டாரு

முதல் வரிசைச் செங்கல் ஜன்னல் கட்டையின் மேல் வந்து உட்கார்ந்தபோது ரேணுகா தரையில் சம்மணம் போட்டுக் குழந்தைக்குப் பருப்புச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். இப்போதே எழுந்து சொல்லிவிட வேண்டும். நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டில் கையைத் துடைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணா, எனக்குச் சம்மதம் இல்லைங்க, வேலையை நிறுத்துங்க. அவ்வளவுதான் பேச்சு. ஒரு மூச்சில் முடிந்துவிடும். ஆனால் கையில் சோறு ஒட்டியிருந்தது. சோற்றுக் கையோடு போய் நியாயம் பேசினால் யார் கேட்பார்கள், இந்த ஒரு வாயை ஊட்டிவிட்டுப் போவோம் என்று உருட்டி ஊட்டினாள். தன்விகா பாதியை விழுங்கி, மீதியைத் தாடையில் வழியவிட்டு, ஜன்னல் பக்கம் கையை நீட்டி "ம்பா, ம்பா" என்றது. கம்பிக்கு அந்தப் புறம் கொத்தனாரின் தலைப்பாகை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை மாடு என்று நினைத்துவிட்டது போல. ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. எழவு வீட்டிலும் இவள் பல்லைக் காட்டுவாள் என்று ஊரில் அம்மா திட்டுவது சரிதான். வாயில் சிரிப்பு இருந்தது, அதற்குக் கீழே நெஞ்சில் ஒரு ஈரத்துணியைப் பிழிந்து போட்டது போலக் கிடந்தது. டொக், டொக் என்று கரண்டிக் காம்பால் செங்கல்லைத் தட்டி உட்கார வைக்கும் சத்தம். வீடு என்று சொன்னால் இரண்டு அறைகள்தான். முன்னறையில் அடுப்பு, தண்ணீர்க் குடங்கள், வாசல் கதவு. கதவைத் திறந்தால் லைன் வீடுகளின் நடை, எதிரே வரிசையாகக் கக்கூஸ் கதவுகள். அதனால் அது எப்போதும் சாத்தியே கிடக்கும். பின்னறையில் தொட்டில், பீரோ, சுருட்டி வைத்த பாய், இந்த ஜன்னல். காலையில் வெயில் இதன் வழியாகக் கம்பிக் கோடுகளோடு வந்து தரையில் விழும். தன்விகா அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு அந்த வெயிலை நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்க்கும். வரவில்லை என்றால் நீ எடுத்துக் கொடு என்பது போல இவளைத் திரும்பிப் பார்க்கும். போன மழைக்கு அதற்கு நெஞ்சு இழுத்து, விலா எலும்பெல்லாம் உள்ளே போய் உள்ளே போய் வந்தபோது, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்தெல்லாம் எழுதிவிட்டு, மருந்து கிடக்குதும்மா, கொழந்தையைக் காத்தோட்டமா வெச்சுக்க, அதுதான் முக்கியம் என்றார். எங்க ஊட்ல நல்ல ஜன்னல் இருக்குதுங்க டாக்டர் என்று இவள் பெருமையாகச் சொன்னாள். வங்கி லாக்கரில் நகை இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அந்தப் பெருமைதான் இப்போது வரிசை வரிசையாக மூடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாயையும் ஊட்டினாள். எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. இந்த லைனில் குடியிருக்கிற எல்லாருக்கும் சின்னியப்பன்தான் ஊட்டுக்காரர். லைன் அவருடையது, மோட்டார் அவருடையது, மாடியில் உட்கார்ந்து யார் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிற கண்ணும் அவருடையது. பெண்டுகள் கட்டினவனைச் சொல்வதும் எங்க ஊட்டுக்காரரு என்றுதான். ஒரே சொல்லுக்கு இரண்டு ஆள். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை; தண்ணி, கரண்டு, வாடகை என்று பேச்சு வந்தால் சின்னியப்பன், காய்ச்சல், சம்பளம், குடி என்று வந்தால் கட்டினவன். திருப்பூருக்கு வாழ வந்த நாளிலிருந்து ரேணுகாவும் அப்படியே பேசிப் பழகிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே சுவர் ஓதம் பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தன்விகா அதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும். விரலை விட்டு நோண்டி எடுத்தே இவளுக்கு விரல் சலித்துவிட்டது. பூசிக் குடுங்க என்று சின்னியப்பனிடம் மாடிப்படியில் நின்று கேட்டாள், மோட்டார் போட வரும்போது கேட்டாள், கோயிலில் பார்த்தபோதும் கேட்டாள். சரி அம்மிணி, கொத்தன் வருவான், பாத்துக்கலாம் என்றார். அந்தச் சரிதான் மனசில் இருந்தது. ஒருநாள் காலை குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், கண்ணில் சோப்பு போய் அது வீலென்று கத்துகிறது, அந்தச் சந்தடியில் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம். தேனிப் பக்கத்துப் பேச்சு. "தாயி, வீட்டுக்காரரு சரின்னுட்டாரா? ஆரம்பிச்சுருவமா?" இவள் குழந்தையின் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே, "அதெல்லாம் சரின்னுட்டாருங்க. நீங்க ஆரம்பிங்க. மழைக்கு முன்னால முடிச்சுட்டாத் தேவலை" என்றாள். போதாதென்று எழுந்து போய் டீ வைத்துக் கம்பி வழியாகவே டம்ளரை நீட்டினாள். டீ நல்லா இருக்கு தாயி என்று அந்த இருதயராஜ் கொத்தனார் சொன்னார், அதற்கு ஒரு சிரிப்பு வேறு சிரித்து வைத்தாள். அவர் கேட்டது கட்டினவன் சம்பத்தை. இவள் சொன்னது சின்னியப்பனை. அவர் கேட்டது ஜன்னலை அடைக்கிறதற்கு. இவள் சொன்னது ஓதத்தைப் பூசுகிறதற்கு. குழந்தையின் கண்ணில் சோப்பு போகாமல் இருந்திருந்தால் என்ன ஆரம்பிக்கிறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். கேட்டிருப்பாளா? கேட்டிருக்க மாட்டாள். வேலை நடக்கப்போகிறது என்ற சந்தோசத்தில் டீத்தூளைத்தான் தேடியிருப்பாள். அதற்கு எதற்குச் சோப்பின் மேல் பழி.

பிறகு பின் சந்தில் மண் தோண்டினார்கள், கல் இறங்கியது. சின்னியப்பன் இன்னொரு கக்கூஸ் கட்டுகிறார் போல, நல்லதுதான், காலையில் வரிசை குறையும் என்று நினைத்தாள். மூன்று பக்கம் சுவர் எழும்பியது. நாலாவது சுவர் எங்கே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. நேற்றுச் சாயங்காலம் சின்னியப்பன் நடையில் நின்று, ஜன்னல்ல காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துரு அம்மிணி, நாளைக்கு அடைச்சுருவாங்க என்று, பால்காரன் நாளைக்கு வரமாட்டான் என்பதுபோலச் சொன்னார். என்னத்தை அடைக்கறாங்க என்றாள். பின்னால கட்டற ரூமுக்கு இதுதான சுவரு, தொறந்து கெடந்தா புதுசா வர்றவன் உங்களையே பாத்துட்டு உக்காந்திருப்பானா என்றார். அதில் ஒரு சிரிப்பு. ஜன்னலை ஒண்ணும் நான் எடுக்கலையே, கம்பி கதவெல்லாம் அப்படியேதான் இருக்கும், பின்னால கல்லு வருது, அவ்வளவுதான், செல்ஃப் கணக்கா சாமான் வெச்சுக்கலாம், ஒருத்தருக்கும் அந்தச் சவுரியம் இல்லை என்றார். அப்போது அவளுக்கு வாய் திறந்தது. கொழந்தைக்கு நெஞ்சு இழுக்குமுங்க, எங்களை ஒரு வார்த்தை கேட்காமச் செய்யலாமுங்களா என்றாள். சின்னியப்பனின் முகம் மாறியது. கோபம்கூட இல்லை, மனசு புண்பட்டவர் போல ஆகிவிட்டார். "கேக்காமயா? குடியிருக்கறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கல்லை எறக்குன்னுதான் கொத்தன்கிட்டச் சொன்னேன். உங்க ஊட்டுக்காரரு சரின்னுட்டாருன்னு நீயே சொல்லி, டீயும் குடுத்தியாமா." நான் உங்களையச் சொன்னனுங்க என்றாள். என்னையவா, நான் சரின்னது எனக்குத் தெரியாதா, அதை எதுக்கு அவன் உங்கிட்டக் கேக்கறான் என்றார். பக்கத்து வீட்டு வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவளுக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது, அதுதான் மன்னிக்க முடியாதது. சிரித்தபடி உள்ளே வந்தாள். சம்பத் வந்ததும் சொன்னாள். சாயம் ஏறின கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "நான் எப்பப் புள்ள சரின்னேன்?" என்று கேட்டான். கேட்டபோது அவன் தோள் விறைத்திருந்தது, இதோ மாடிக்கு ஏறிவிடுவான் என்று அவள் நினைத்தாள். துண்டில் கையைத் துடைத்தான். சோற்றுக்கு உட்கார்ந்தான். ரசம் ஊற்றும்போது, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் புள்ள, இப்பப் போயி இல்லைன்னா காலி பண்ணுன்னுருவாரு என்றான். அந்தத் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். சுமையை இறக்கி வைத்தவனின் தோள். அவன் சண்டை போட வேண்டியதில்லை, பெண்டாட்டி ஏற்கெனவே அவன் பேரில் ஒப்புக்கொண்டுவிட்டாள். அவளுடைய தப்பில் எல்லாரும் கொஞ்சம் நிழலுக்கு ஒதுங்கிக்கொண்டார்கள், சின்னியப்பன், கொத்தனார், சம்பத். வெயிலில் நிற்பதற்கு ஆள் வேண்டுமே என்று அவளை விட்டுவிட்டார்கள். வெயிலாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை.

சோறு முடிந்தது. கையைக் கழுவினாள். இனிக் கையைச் சாக்குச் சொல்ல முடியாது. செங்கல் இரண்டு மூன்று வரிசை ஏறியிருந்தது, கொத்தனாரின் இடுப்பு மறைந்துவிட்டது, மார்பும் தலையும் தெரிந்தன. தன்விகாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பின்னறையில் நடந்தாள். பீரோ வரைக்கும், திரும்பி ஜன்னல் வரைக்கும். காலையில் சம்பத் வேலைக்குப் போனதும் பானுமதிக்குப் போன் போட்டிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது தாராபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பானுமதிக்கு எழுந்து நின்று பதில் சொல்லத் தெரியாது, உட்கார்ந்தபடி ரேணுகாவுக்குச் சொல்லிக்கொடுத்து எழுப்பிவிடுவாள். இப்போதும் அதே வேலைதான். பானுமதி கேட்டவுடனே சூடாகிவிட்டாள். காத்தும் வெளிச்சமும் வாடகையோட சேர்ந்ததுதான்டி, குடியிருக்கறவங்க சம்மதம் இல்லாம அதுல கை வைக்கக்கூடாது, அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம், நீ என்ன தானமாவா குடியிருக்கறே என்றாள். ரேணுகாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அவள் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது இத்தனை நாள் தெரியாது. சும்மா வருகிறது என்று நினைத்திருந்தாள், ஊரில் வந்த மாதிரி. பானுமதி கேட்டாள், எழுத்துல ஒப்பந்தம் ஏதாச்சும் போட்டீங்களா? இல்லை. சரி, வாயால ஏதாச்சும் சம்மதம் சொன்னீங்களா? அந்தப் பக்கம் டைப் மிஷின் சத்தமோ மின்விசிறிச் சத்தமோ ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்டி பேச மாட்டேங்கற? சொல்லியிருந்தாலும் பரவால்ல. வெளிய போயி, எனக்குச் சம்மதம் இல்லைன்னு நாலு பேரு காதுல உழுகற மாதிரி சொல்லு. செவுரு எந்திரிக்கறதுக்குள்ள சொல்லு. எந்திரிச்சுருச்சுன்னா அப்பறம் இடிக்கச் சொல்றது வேற கதை, வருசக்கணக்கா ஆகும்." சரி என்றாள் ரேணுகா. அவள் வாயில் இந்தச் சரி எவ்வளவு சுளுவாக வருகிறது. யார் எதைக் கேட்டாலும் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. இல்லை என்ற சொல்லை எங்கோ பரண் மேல் போட்டுவிட்டாற்போல, வேண்டும் என்கிறபோது ஸ்டூல் போட்டு ஏறித் தேட வேண்டியிருக்கிறது. எனக்குச் சம்மதம் இல்லைங்க. நடந்துகொண்டே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்கு என்பதில் தொடங்குவதா, இல்லைங்க அண்ணா என்று தொடங்குவதா. ங்க வேண்டாமோ. ங்க போட்டால் கெஞ்சுவது மாதிரி இருக்கும், போடாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். தன்விகாவின் தலை தோளில் கனக்க ஆரம்பித்தது.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நிறுத்துவார்கள். சின்னியப்பன் மாடியிலிருந்து இறங்கி வருவார். திட்ட மாட்டார், அவர் திட்டுகிற ஆள் இல்லை. உங்களுக்குச் சவுரியப்படலைன்னா வேற ஊடு பாத்துக்கங்க அம்மிணி என்று மனசு நொந்தவர் போலச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விடுவார். வேற வீடு. அந்த வார்த்தையிலேயே அவளுக்குக் கால் வலித்தது. தன்விகாவை வயிற்றில் வைத்துக்கொண்டு வீடு தேடின வெயில் இன்னும் பிடரியில் இருக்கிறது. ஒரு வீட்டில் வயிற்றைப் பார்த்துவிட்டு, கொழந்தை வந்தா தண்ணி நெறையச் செலவாகும், எங்களுக்குக் கட்டாது என்றார்கள். ஒரு வீட்டில் நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு, இப்பத்தான் ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு என்றார்கள். வாசலில் டு-லெட் அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. சம்பத் அந்த அட்டையைப் பார்த்தபடி வண்டியை உதைத்தான், ஸ்டார்ட் ஆகவில்லை, அவர்கள் முன்னாலேயே உதைத்து உதைத்து நின்றான். அவமானத்தை அவள் பெட்ரோல் வாசத்தோடு நினைவில் வைத்திருந்தாள். சின்னியப்பன் ஒருத்தர்தான் ஆளையும் கேட்கவில்லை, வயிற்றையும் பார்க்கவில்லை. சாவியைக் கொடுத்து, வெளிச்சமான ரூமு, கொழந்தைக்கு நல்லது என்றார். அவரே சொன்னது. அப்படியென்றால் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்து கொடுத்தார், தெரிந்தே எடுத்துக்கொள்கிறார். கொடுத்தவருக்கு எடுக்க உரிமை இல்லையா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அது அவள் அப்பாவின் குரல் போல இருந்தது. காசு வாங்கிட்டுத்தானடி குடுத்தாரு என்று இன்னொரு குரல், அது பானுமதி. இரண்டுக்கும் நடுவில் டொக், டொக். கொத்தனாரின் தலை மட்டும் தெரிந்தது இப்போது. சுவர் ஏறுகிறதா, மனிதர் உள்ளே இறங்குகிறாரா என்று சந்தேகம் வரும்படி இருந்தது.

குழந்தை தூங்கிவிட்டது. தொட்டிலில் போட்டாள். தொட்டில் கொக்கி ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது, வீட்டில் இருக்கிற கொக்கி அது ஒன்றுதான். சேலைத் தொட்டிலில் அது உருண்டையாகக் கிடந்து மெல்லச் சுற்றி நின்றது. இப்போது கையும் சும்மா, தோளும் சும்மா. ஜன்னலிடம் போனாள். வெளியே சித்தாள் அம்மாள் தலையில் கலவைச் சட்டியோடு நின்றபடி, செவுரு நேரா வர அண்ணன் நூல் புடிக்கற வேகத்தைப் பாத்தா அவரு பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சுரும் என்று கேலி செய்துகொண்டிருந்தாள். உன் கல்யாணத்துக்கு நூல் புடிக்கலை, அதான் கோணலாப் போச்சு என்றார் கொத்தனார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல மனுசர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ரேணுகா கம்பியைப் பிடித்தாள், கம்பி குளிர்ந்திருந்தது, கல் வந்து முட்டியதிலிருந்து அதன் கீழ்ப்பக்கம் வெயில் படவில்லை. அண்ணா என்றாள். "என்ன தாயி?" கரண்டி நின்றது. இரண்டு முகமும் அவளைப் பார்த்தன. எனக்கு என்று ஆரம்பித்தாள். சித்தாள் அம்மாளின் கழுத்தில் வேர்வை ஓடி மஞ்சள் கயிறு ஊறிப்போயிருந்தது. இத்தனை வெயில் அவர்களுக்கு அங்கே, ஒரு சொட்டு இவளுக்கு இல்லாமல் செய்வதற்கு. குடிக்கத் தண்ணி வேணுமுங்களா என்று கேட்டாள். கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. மோரு இருந்தா நல்லா இருக்கும் தாயி என்றார் கொத்தனார். கரைத்துக் கொடுத்தாள். உப்புப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, பெருங்காயம்கூட. டம்ளர் கம்பிக்கு நடுவில் போயிற்று, கல்லுக்கு மேலே ஏறிப் போயிற்று. அடுத்த முறை கேட்டால் இந்த வழி இருக்காது, வாசல் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்தது மனசு. கிறுக்கு மனசு, வீடு மூடிக்கொண்டிருக்கிறது, இது மோருக்கு வழி பார்க்கிறது.

டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். முன்னறையில் நின்றால் பின்னறை ஏற்கெனவே சாயங்காலம் போல இருந்தது. ஊட்டுக்காரரு சரின்னுட்டாரா. அந்தக் கேள்வி அடுப்படியில் நிற்கும்போது புதுசாக வந்து கடித்தது. சம்பத்தைக் கேட்டதாகவே வைத்துக்கொண்டாலும், சின்னியப்பனைக் கேட்டதாகவே வைத்துக்கொண்டாலும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் அவள் இல்லை. காலை முதல் இருட்டுகிற வரைக்கும் இந்தச் சுவர்களுக்குள் இருப்பவள் அவள். சின்னியப்பன் மாடியில், சம்பத் சாயப்பட்டறையில். ஜன்னல் எந்த நேரம் எவ்வளவு வெளிச்சம் தரும், எந்தக் காற்றுக்கு எந்தக் கதவு அடித்துக்கொள்ளும், இழுப்பு வந்தால் குழந்தையின் தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எல்லாம் தெரிந்தவள். சம்பத் நல்ல மனநிலையில் இருக்கும்போது சிநேகிதர்களிடம், இது என்னோட ஊட்டுக்காரி என்று சொல்வான். சொல்லும்போது அவளுக்குக் கூச்சமாக, இனிப்பாக இருக்கும். ஊட்டுக்காரி சரின்னுட்டாளா என்று இந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்டு அவள் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தக் கேள்வி வந்தபோது தானும் அதில் ஒரு ஆள் என்று அவளுக்கே தோன்றவில்லையே, அதுதான் நெஞ்சை அடைத்தது. ஒரு குழப்பமும் இல்லாமல், கொஞ்சமும் யோசிக்காமல், வேறு ஒருத்தருடைய சரியை எடுத்து நீட்டினாள். இனி வரப்போகும் மழையை நினைத்தாள். மழைக்கு முன்னாடி முடித்துவிடுங்கள் என்று அவளேதான் சொன்னாள். ஓதம் இருந்த சுவர் அப்படியே இருக்கும், காயவும் வழியில்லாமல். இழுப்பு வரும். ஆவி பிடிக்கிற மிஷின் சத்தம், குழந்தையின் மூக்கில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே போய் உள்ளே போய் வரும் விலா. அப்போது எதைத் திறப்பாள்? கக்கூஸ் பக்கத்துக் கதவைத் திறப்பாள். நினைப்பு அங்கே போய் முட்டி நின்றது, நகர மறுத்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது: எழுந்து சொல்லிவிட வேண்டும்.

தொட்டிலில் இருமல் கேட்டது. ஓடினாள். மேலே கல் வைக்கும்போது கலவைத் துளியும் சிமெண்டுத் தூசியும் உள்ளே உதிர்ந்து தொட்டிலில் விழுந்துகொண்டிருந்தன; குழந்தையின் புருவத்தில் சாம்பல் பூத்திருந்தது. அள்ளி எடுத்தாள். அது இருமி, மூச்சை இழுத்து, அழலாமா வேண்டாமா என்று இவள் முகத்தைப் பார்த்தது. அந்த இழுப்பில் ஒரு சின்ன விசில் இருந்தது. இருந்ததா, இவளுக்குத்தான் கேட்டதா? ஜன்னலில் இன்னும் ஒரு பட்டை வானம் மிச்சம். அதன் வழியாகக் கொத்தனாரின் கண்கள் தெரிந்தன, சாரத்தின் மேல் ஏறி நின்றிருந்தார். "அண்ணா" என்றாள். இந்த முறை குரல் உடைந்து, கொஞ்சம் சத்தமாக, நாலு பேர் காதில் விழுகிற மாதிரியே வந்துவிட்டது. கரண்டி நின்றது. கண்கள் குனிந்து, குழந்தையின் புருவத்தைப் பார்த்தன, அவளைப் பார்த்தன. ரொம்ப நேரம் பார்த்தது போலத் தோன்றியது. "என்ன தாயி, நிறுத்தணுமா? சொல்லு. நான் கூலிக்காரன், நிறுத்துன்னா இப்பவே இறங்கிர்றேன்." அவ்வளவு எளிதாக இருந்தது. அவரே அந்தச் சொல்லை எடுத்துத் துடைத்து அவள் கையில் வைத்தார். ஆமாங்க என்றால் போதும். சித்தாளும் சட்டியை இறக்காமல் நின்றாள். எங்கோ பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டது. ரேணுகா வாயைத் திறந்தாள், உள்ளே அந்த வாக்கியம் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் நின்றது, அதைத் தாண்டி டு-லெட் அட்டை ஆடியது, சம்பத்தின் இறங்கிய தோள் தெரிந்தது, வண்டியை உதைத்து உதைத்து நின்றது தெரிந்தது. "தொட்டிலை அவுக்கற வரைக்கும் நிறுத்துங்ண்ணா" என்றாள். "மண்ணு உழுகுது." சரி தாயி, பாத்து அவுத்துக்க என்று சொல்லிக் கொத்தனார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஒரு பெண் உடை மாற்றுகிற இடத்தில் ஆண்கள் திருப்பிக்கொள்வது போல.

அந்த மிச்ச வெளிச்சத்தில் முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். சேலையை உதறினால் தூசி பறக்கும் என்று உதறாமலே மடித்தாள். ஆச்சுங்க என்றாள். கல் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் ஒரு கை நுழைகிற ஓட்டை இருந்தது, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கல்லை உடைக்கிற சத்தம் கேட்டது, விரல்கள் கலவையை அழுத்தின, ஓட்டை மூடியது. முடிஞ்சது தாயி என்று கொத்தனார் சொன்னது வேறு யாருடைய வீட்டிலிருந்தோ வருவது போல இருந்தது. இருட்டில் சிமெண்டு வாசமும் ஈரமும் மேலே வந்து படர்ந்தன. தன்விகா இடுப்பில் நெளிந்தது, கீழே விடச் சொன்னது. விட்டாள். பயந்து அழும் என்று நினைத்தாள். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு தத்தித் தத்தி முன்னறைக்குப் போய், சாத்திய கதவுக்குக் கீழே தெரிந்த மத்தியான வெளிச்சக் கீற்றின் மேல் நின்று, இரண்டு கையாலும் கதவைத் தட்டி, "ப்பா" என்றது. இருட்டிவிட்டால் அப்பா வரும், இந்த வீட்டைப் பற்றி அதற்குத் தெரிந்த கணக்கு அது. "ப்பா, ப்பா" என்று சந்தோசமாகத் தட்டியது. ரேணுகா விளக்கைப் போடாமல் மடித்த சேலையோடு அங்கேயே நின்றாள். குழந்தை திரும்பி அவளைப் பார்த்து, நீயும் வா என்பது போலச் சிரித்தது.